கதவைக் கழற்றிய குளியலறை

வீட்டு உள்ளலங்காரம் செய்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ‘டேப் அக்கா’ என்று பெயர் வாங்கியவள் இவள் ஒருத்திதான். கைப்பை இல்லாமல் வெளியே போவாள், இடுப்பில் அளவு டேப் இல்லாமல் போக மாட்டாள். கல்யாணமான புதிதில் மாமியார் வைத்த விருந்தில், சாப்பாட்டில் கை வைக்கும் முன்னே மேசையை அளந்து பார்த்து, “முழங்கை இடிக்குமே அத்தை” என்று சொன்னவள். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் கணவன் இன்றுவரை மானத்தை வாங்குகிறான்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் அன்று ஓர் அளவு தப்பியது.

வேலை கொடுத்த வீட்டுக்காரி பள்ளி ஆசிரியை. அவளுடைய அம்மா படியில் தவறி விழுந்து, இரண்டு கால்களும் வராமல் போய், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் சக்கர நாற்காலிதான். வீட்டுக்கு வர அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “பாத்ரூமுக்கு நானா போகணும், நானா வரணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. நான் எங்கயாவது ஒரு ஹோம்ல இருந்துக்கிறேன்.” ஆசிரியை இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். “கவலைய விடு, அது என் பொறுப்பு” என்று டேப் அக்கா பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வேலை மளமளவென்று நடந்தது. குளியலறை வாசற்படியை எடுத்தாயிற்று, வழுக்காத டைல்ஸ் போட்டாயிற்று, கைப்பிடிகள் வைத்தாயிற்று. கூட வேலை செய்த தச்சர் காலி சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். ஜம்மென்று போயிற்று.

அம்மாவை அழைத்து வர ஆசிரியை கிளம்பிய பிறகு, கண்ணாடி முகத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க டேப் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். குளியலறை வாசலில் ஒரு கை நிலைச்சட்டத்தில் இடித்தது, மறு கை திறந்து நின்ற கதவில் நசுங்கியது.

“ஐயையோ! அண்ணே, கெட்டுது குடி!”

நாற்காலியை அளந்தவள், அதை உருட்டும் கைகளை அளக்க மறந்துவிட்டாள். இன்னொருவர் தள்ளினால் போகும், தானே உருட்டினால் போகாது. அந்த அம்மா கேட்டதோ அது ஒன்றைத்தான்.

“நிலையைப் பேர்த்தா சுவரும் சேர்ந்து வரும். இன்னைக்கு ஆகுற காரியமில்ல” என்று தச்சர் கையை விரித்தார்.

“கதவைக் கழட்டுங்க. அந்தத் தடிமனாவது மிச்சமாகும்.”

“பாத்ரூமுக்குக் கதவு இல்லாமலா? மூளை குழம்பிடுச்சா அக்கா?”

“கழட்டுங்கண்ணே!”

படுக்கையறை ஜன்னல் திரையைப் பிடுங்கி வாசலில் மாட்டினாள். மறுபடி உருட்டிப் பார்த்தாள். விரல் முட்டி லேசாக உரசியது, அவ்வளவுதான். ஆனால் இது அவள் கை. அந்த அம்மாவின் கை எவ்வளவு பெரிது? ஆளையே பார்த்ததில்லையே, பாவி! தெருவாசலில் கார் வந்து நின்றதும் எழுந்து, காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஆசிரியையும் தச்சரும் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்த அந்த அம்மாவுக்கு நல்ல அகன்ற எலும்பு. உள்ளங்கை ஒவ்வொன்றும் தோசைத் திருப்பி அகலம்.

“அம்மா, தப்பு என்மேல” என்று டேப் அக்கா ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். “ஓரமா நகர்ற கதவு செஞ்சு மாட்டித் தரேன். அதுவரைக்கும்...”

“நீதான் அந்த டேப்புக்காரியா? இருக்குற கதவைப் புடுங்கிட்டுத் துணியைத் தொங்க விட்டிருக்க. இதுக்கு ஒரு ஆள் வேற!”

பேசிக்கொண்டே அம்மா குளியலறைக்கு உருட்டினார். சக்கரம் வாசலில் நின்றது, விரல் முட்டி சட்டத்தில் உராய்ந்தது. ஆசிரியை பதறிக் கையை நீட்டினாள். டேப் அக்கா அந்தக் கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டாள். அம்மா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, முழங்கையை ஒடுக்கி, மறுபடி உருட்டினார். நாற்காலி உள்ளே போயிற்று. திரை சரக்கென்று மூடியது.

வெளியே மூன்று பேரும் திரையோரம் போய் நின்றார்கள்.

“ஏண்டி!” உள்ளேயிருந்து குரல் வந்தது. “திரைக்குக் கீழ மூணு ஜோடிக் கால் தெரியுது. அங்க என்ன வேடிக்கை? போய் டீயைப் போடுங்க!”

முதலில் ஓடியவர் தச்சர். ஆஸ்பத்திரியில் அழாத அழுகையையெல்லாம் ஆசிரியை சமையலறையில் நின்று அழுது தீர்த்தாள். டீ போட்டது டேப் அக்காதான். சர்க்கரையை அளக்காமலே கொட்டிவிட்டாள். தித்திப்பு தாங்கவில்லை, ஆனாலும் எல்லோரும் டம்ளரைக் காலி செய்தார்கள்.