எங்கள் சுவரில் சிவப்புக் கோடு

ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்திருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படியே. என் கணவர் ஜெயசீலன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜீப்புல வந்தாங்க, டேப்பு புடிச்சி அளந்தாங்க. நாலு வழி ரோடு வருதாம். கோடு வரைக்கும் இடிச்சிடுவாங்களாம்" என்றார்.

கோட்டுக்குப் பின்னால் மிஞ்சுவது கக்கூஸும் துணி துவைக்கிற கல்லும்தான். மீதி வீடு முழுக்கக் கோட்டுக்கு முன்னால் இருந்தது.

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்குப் பயம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர் செல்வமேரி. ஆம்பூரைத் தாண்டி, பெங்களூர் ரோட்டோரம் எங்கள் வீடு. காலமான என் மாமனார் ஒவ்வொரு அறையாகக் கட்டியது. தண்ணீர் கெடுகிறது என்று தோல் தொழிற்சாலைகளை மூடியபோது என் கணவருக்கு வேலை போயிற்று. அங்கே வேலை பார்த்ததில் அதற்கு முன்பே அவர் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அந்தப் பக்கம் வீடு வாங்க யாரும் வரமாட்டார்கள். ஆனாலும் எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வேதப்புத்தகம். வெளியூர்ச் சபை என்றார். எங்களுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு அவர் மட்டும் என் கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிரதர், பட்டா இன்னும் உங்க அப்பா பேர்லதானே இருக்கு? அப்போ நஷ்டஈடு உங்க கைக்கு வராது. கோர்ட்டு, கேஸுன்னு அலைஞ்சி பேஜாராயிடும். எனக்கு மேலிடத்துல ஆளுங்க இருக்காங்க. நான் வாங்கிக்கினு நான் அலையறேன். உங்களுக்கு இப்பவே கைல காசு."

அவர் சொன்ன விலை கம்மிதான். இடிபடப் போகிற வீட்டுக்கு இதுவே ஜாஸ்தி என்றார். எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீடாகக் கை மாறியது. என்னோடு கம்பெனியில் பக்கத்து மிஷினில் தைக்கிற ஷமீம், அவளும் எங்கள் பக்கத்து வீடுதான், வந்து அழுதாள். "எழுதிக் குடுத்துட்டோம்க்கா. வேற இன்னா பண்றது?"

என் கணவரும் சரி என்றுவிட்டார். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. "ஜெபம் பண்ற மனுஷனையே சந்தேகப்படறியா?" என்று கோபித்துக்கொண்டார். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது. அது லெந்து நோன்புக் காலம். உபவாசம் இருந்தேன். ஆனால் முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. வீட்டைக் காப்பாற்றும் என்று கேட்பதா, விட்டுக்கொடுக்க மனசு தாரும் என்று கேட்பதா? மிஷினில் தைத்துக்கொண்டே ஒன்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியலை. நீர் காட்டும்."

ரிஜிஸ்டர் பண்ணுகிற நாள் வந்தது. அதைக் கண்ணால் பார்க்க மனசில்லாமல் நான் வேலைக்குக் கிளம்பினேன். கம்பெனி வேன் எங்கள் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. இன்றைக்கும் இப்படியா என்று சலித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். எதிர்ப்பக்கத்தில் சிலர் முக்காலியில் கருவி வைத்து அளந்து, கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"சார், எங்க வீட்டை எப்போ சார் இடிப்பீங்க?"

தொப்பி போட்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எந்த வீடும்மா?"

கை காட்டினேன். சிவப்புக் கோட்டைச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் நாங்க கோடே போடலையே. இங்க ரோடு இந்தப் பக்கம்தான் அகலமாகுது. யார் வந்து போட்டது?"

வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறினேன். வழியெல்லாம் "இயேசப்பா, இயேசப்பா" என்பதைத் தவிர வேறு வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் என் கணவர் கையில் பேனாவோடு குனிந்திருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க!" என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மூச்சு வாங்க, கேட்டதைச் சொன்னேன்.

அந்த மனிதர் முகம் மாறாமல் சிரித்தார். "சிஸ்டர், நல்ல காரியம் நடக்கும்போது பிசாசு இப்படித்தான் சந்தேகத்தைக் கொண்டுவருவான். பிரதர், நீங்க போடுங்க."

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். "நேர்ல போய் விசாரிச்சிட்டு வர்றேன் பிரதர். அப்புறம் போடறேன்" என்றார். ஒரு போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று வெளியே போன அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை. அவர் சொன்ன பெயரில், அவர் சொன்ன சபையில் யாருமே இல்லை என்று பிறகு தெரிந்தது. சுவரில் கோடு போட்டதும் அவர் அனுப்பிய ஆட்கள்தான்.

ரோடு எதிர்ப்பக்கமே வந்தது. வந்ததும் எங்கள் பக்கத்து மனை விலை நினைக்க முடியாத அளவுக்கு ஏறியது. அந்த மனிதருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. விற்றவர்கள் போலீஸுக்குப் போனார்கள். இஷ்டப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பத்திரங்கள் வேறு யார் யார் பெயரிலோ இருந்தன; அதற்குள் அந்த வீடுகள் வேறு கைக்கும் மாறியிருந்தன.

ஷமீம் ஊருக்குள் ஒற்றை அறையில் வாடகைக்குப் போனாள். சாமான் ஏற்றிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உனக்குக் காட்னாரு. எனக்கு ஏன்க்கா காட்டலே? நானும்தானே துவா பண்ணேன்?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வீடு நிலைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லும்போதெல்லாம் அவள் கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொன்னால் அது பாதிச் சாட்சி.

ஒன்று மட்டும் செய்கிறேன். எங்கள் பக்கம் யார் வீடு வாங்கினாலும் விற்றாலும், கூப்பிட்டால் கூடப் போகிறேன். தாலுகா ஆபீஸ் படிகளில் ஏறப் பயந்த நான், வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா, பட்டா யார் பேரில் என்று இப்போது மற்றவர்களைக் கேட்கிறேன். எங்கள் பட்டாவை முதலில் மாற்றினோம். ஷமீம் குடும்பம் ஒரு சின்ன மனை வாங்கியபோது நானும் அவளும் சேர்ந்தே போய் எல்லாம் விசாரித்தோம்.

பிரியமானவர்களே, கூட ஜெபிக்கிறவர் என்பதற்காக யாருக்கும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வழி தெரியாமல் தவிக்கும்போது, தெரிந்தது போல ஜெபிக்கவும் வேண்டாம். தெரியவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அந்த ஜெபத்தை அவர் தள்ளமாட்டார். அவரிடம் கேட்டுவிட்டு, எழுந்துபோய் விஷயம் தெரிந்த மனுஷரிடமும் கேளுங்கள். எனக்கு அவர் பதில் சொன்னது ஒரு மனுஷர் வாயால்தான்.