உடைந்த தூணின் மேல்பாதி

பேய், பிசாசு, முன்ஜென்மம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இடிந்த கோயில், மண்டபமெல்லாம் அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து கொடுப்பது என் தொழில். கண்ணால் பார்த்ததற்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. மாற்றிப் போட்டால் பொய் சொன்ன மாதிரி. பிச்சாட்டூர் அணைக்கரை மண்டபத்தில் ஒரு தூணின் மேல்பாதியே இல்லை, அதிலிருந்த சிற்பத்தில் ஒரு பெண்ணின் கால்கள் மட்டும் மிச்சம். அதை அளக்கப் போய்ச் சேற்றில் வழுக்கி, வலது கையை உடைத்துக்கொண்டேன். அந்தக் கை போனால் என் பிழைப்பே போச்சு. அங்கே மீன் பிடிக்கிற முனுசாமிதான் ஆட்டோ பிடித்து, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூருக்குக் கூட்டிப்போனார். பச்சிலை பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள்.

"அசைக்காத இரும்மா, எலும்பு தானா கூடிக்கும்" என்றார் வைத்தியர்.

ஆனால் திருப்பதிக் கண்காட்சிக்குப் படம் போயாக வேண்டுமே! ஒரு மத்தியானம், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அந்தத் தூணுக்குப் புள்ளிக்கோடு போட இடது கையில் பென்சிலை எடுத்தேன்.

"இடது கையில தோசையே திருப்ப மாட்ட, படம் வரைஞ்சிக்கினு கீறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நம்பினால் நம்புங்கள், கை அது பாட்டுக்குப் போனது, ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, எல்லாம் முழுக்கோடு, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், அவள் வலது கையில் பட்டை வைத்த கட்டு. என் கை நினைப்பிலேயே வரைந்திருக்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. கீழே 'ஊகம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன், முனுசாமிக்கும் போனில் அனுப்பினேன்.

கோடையில் அவர் கூப்பிட்டார். "அக்கா, தண்ணி எறங்கிப்போச்சு. நீ வரைஞ்ச பொம்மையே சேத்துல கெடக்குது, வந்து பாரு!"

போய்ப் பார்த்தேன். அதே பெண், அதே கட்டு. ஐயோ, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சேற்றைக் கழுவினால் எல்லாம் நேற்றுச் செதுக்கியது போல இருக்கிறது, குழந்தையின் முகம் மட்டும் மழமழவென்று இருக்கிறது. என் படத்திலும் அந்த முகம் கிடையாது. கோணலாக வந்ததென்று அன்றைக்கு நான்தான் ரப்பரால் அழித்தேன்.

இப்போது கை நன்றாகக் கூடிவிட்டது, முன்னைவிடச் சுகமாகவே வரைகிறேன். அந்தக் குழந்தைக்கு முகம் போடுவது எனக்கு அஞ்சு நிமிஷ வேலை. கண்காட்சி முடிந்து திரும்பி வந்த படத்தை எடுத்து வைப்பேன், பென்சிலைச் சீவுவேன், ஆனால் போட மாட்டேன். போட்டு முடித்ததும் முனுசாமி போன் செய்துவிட்டால்?