யாரும் பாடாத சுருதி

ராமாயி அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கேசட், அட்டையில் அவள் பெயரோடு.

1990இல் ரங்கூனின் லத்தா வட்டாரத்தில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தாள். அப்பா தமிழர், அம்மா பர்மியர். பேர் வாங்கிய பாடகிகளுக்குப் பின்னால் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மியச் சொல் எழுதிப் பாடுவதுதான் அன்று ரங்கூனில் பாட்டுத் தொழில். காப்பி பாட்டு என்றே சொல்வார்கள், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் எடுத்தால் அப்படியே எடுக்க வேண்டும். சுருதியை இறக்கினால் பாடத் தெரியாதவள் என்று பெயராகிவிடும்.

கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஸ்காட்லாந்துப் பாடகி ஒருத்தியின் கேசட்டைக் கொண்டுவந்தார். என் மாமா அப்துல் பாரி தன் கேசட் கடையில் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஸ்டுடியோ முதலாளி கோ மியோ அந்தப் பிரதியைக் கேட்டுவிட்டு, எல்லாப் பாட்டையும் ராமாயியே பாடட்டும் என்றார். அட்டைக்குப் படம்கூட எடுத்தாயிற்று, மஞ்சள் லுங்கியும் கொண்டையில் பூவுமாக.

வாத்தியக்காரர்களும் அதே பிரதியிலிருந்துதான் பழகினார்கள். பல்லவி எங்கெல்லாம் ஏறியதோ அங்கெல்லாம் அக்காவின் கழுத்து நரம்பு புடைக்கும். அதிமதுரத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பாடுவாள்.

“ஸயா, கொஞ்சம் இறக்கிக்கலாமா?” என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறாள்.

“அந்த வெள்ளைக்காரி நின்ன எடத்துல பாடிட்டுப் போறா. நீ சோறு திங்கலையா?”

கடைசிக்கு முந்திய பாட்டில் குரல் உடைந்தது. மருத்துவர் பேசவே கூடாது என்றார். கோ மியோ காத்திருக்கவில்லை. கீச்சுக் குரல் கொண்ட வேறொரு பெண்ணை எல்லாவற்றையும் புதிதாகப் பாடவைத்தார். ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டே ஊர் டீக்கடை வரைக்கும் அந்தக் கேசட் ஓடியது, அந்தப் பெண்ணின் படத்தோடு.

அக்காவின் குரல் திரும்பி வந்தபோது அதில் கரகரப்பு ஏறியிருந்தது. மார்க்கெட்டில் உலர்ந்த இறால் எடைபோடும் வேலைக்குப் போனாள். பாட்டைப் பற்றி யாராவது கேட்டால், “அந்தப் பொம்பளைக்கு முடிஞ்சிது, எனக்கு முடியலை” என்பாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிய வருடங்களில் கிளாஸ்கோவில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் அந்தப் பாடகியின் சிடி கிடைத்தது. இரண்டு ஆல்பத்தோடு அவளும் பாடுவதை நிறுத்திவிட்டாளாம். இப்போது எங்கே இருக்கிறாள் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

2009இல் ஊர் திரும்பியதும் அதை அக்காவிடம் கொடுத்தேன். மாமாவும் மாடியேறி வந்திருந்தார். என் சிடி பிளேயரில் போட்டோம். தாழ்ந்த, அவசரமில்லாத குரல்.

அக்கா சிரித்தாள். “ஒன் மெஷின் பழுதுடி. இழுத்துக்கிட்டு ஓடுது.”

அடுத்த பாட்டும் அப்படியே இருந்தது. அதற்கடுத்ததும். மாமா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களுக்கு முன்பே அவருக்கு விளங்கிவிட்டது.

“அந்த வருசம் பிரதி எடுக்கிற மெஷின்ல பெல்ட்டு தளந்து கெடந்துச்சு. புதுசு கெடைக்கலை. மெதுவா ஓடிப் பதிஞ்சிருக்கு. அதை நல்ல மெஷின்ல போட்டா வேகமா ஓடும், குரலும் ஏறிடும்.”

“அப்ப அந்த ஒசரத்துல அவளும் பாடலை.”

“பாடலைம்மா.”

“ஒங்களுக்கு அது கேக்கலையா பாய்?”

“எனக்குப் பாட்டுக் காது ஏதும்மா.”

“காது இல்லாத ஆளு கேசட் கடை வெச்சிருக்கீங்க.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவரை அதிகம் தாக்கியது.

கடைசிக்கு முந்திய பாட்டைப் போடச் சொன்னாள். கூடவே பர்மியச் சொற்களில் பாடினாள். ஒரு சொல்கூட மறந்திருக்கவில்லை. பல்லவி ஏறும் இடத்தில் மாமா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கரகரத்தபடியே குரல் ஏறியது, நின்றது, இறங்கி வந்தது.

பாட்டு முடிந்ததும் அடுத்தது தொடங்குமுன் கைநீட்டி அதை நிறுத்தினாள்.

“எட்டுதே” என்றாள், யாரையும் பார்க்காமல்.