அக்கா கட்டாத வேப்பிலை

எனக்கு வாய் நீளம். கூலாய் வட்டாரத்தில் தட்டம்மை கண்ட வீடுகளைத் தேடிப் போய் விசாரிப்பது சுகாதார இலாகாவில் என் வேலை. யாரிடமிருந்து யாருக்கு ஒட்டியது, அடுத்து யாருக்கு ஒட்டலாம் என்று துருவ வேண்டும். கேட்டில் வேப்பிலை தொங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உள்ளே பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகாமல், அம்மன் வந்திருக்கிறாள் என்று படுக்கப் போட்டிருப்பார்கள். திட்டுவேன். அதோடு விடாமல், குடும்பம் கூடும் இடத்திலெல்லாம் அதைச் சொல்லிக் கேலி செய்வேன். அக்காதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பாள்.

அக்கா வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிறாள். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படி அவளிடம் விடப்பட்ட ஒரு கைக்குழந்தைக்குத் தட்டம்மை கண்டது. அதற்குத் தடுப்பூசி போடும் வயதே வரவில்லை. நோய் நுரையீரலுக்கு இறங்கி, வார்டில் ஆக்சிஜனோடு கிடந்தது.

நான் முதலில் போக வேண்டிய இடம் அக்கா வீடு. போகவில்லை, போன் போட்டேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், புள்ளி இருந்ததா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். விட்டுவிட்டேன். வேறொருத்தி சொல்லியிருந்தால், நேரில் போய்ப் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்திருப்பேன்.

குழந்தையின் அப்பாவுக்கு செனாய் பக்கம் தொழிற்சாலையில் வேலை. அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியில் ஏற்கெனவே தட்டம்மை இருந்தது. எனக்கு அது போதும். அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று முடிவு கட்டி, அந்த விடுதியே கதி என்று கிடந்தேன். காய்ச்சலோடு வேலைக்குப் போன ஒரு நேப்பாளத் தொழிலாளியை, ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடிவிட்டாய் என்று எல்லார் முன்னாலும் ஏசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. தொண்டையில் எடுத்த மாதிரியை வைத்து, வைரஸ் எந்த வகை என்று அங்கே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். விடுதியில் பரவியது ஒரு வகை, குழந்தைக்கு வந்தது வேறு வகை. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குழந்தை பகலெல்லாம் இருந்த வீடுதான் மிச்சம்.

சீருடையோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுடைய சின்ன மகள் பாயில் கிடந்தாள், முகமெல்லாம் செம்புள்ளி. மூத்தவனுக்கு முன்பே வந்து ஆறிவிட்டது. அவனுக்கு இரண்டாவது ஊசி விட்டுப்போயிருந்தது. சின்னவளுக்கு ஒன்றுமே போடவில்லை. ஊரெல்லாம் ஊசி ஊசி என்று கத்துகிற நான் என் அக்காவிடம் இதைக் கேட்டதே இல்லை.

ஏன் மறைத்தாய் என்றேன். அவள் மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"மூத்தவனுக்கு வந்தப்பவே வேப்பிலை கட்டலாம்னுதான் எடுத்து வச்சேன். நீ சிரிப்ப லா. உன் ஆபீஸ்ல தெரிஞ்சா உனக்குத்தான அசிங்கம். அதான் கட்டல. போன்லயும் இல்லன்னுட்டேன்."

வேப்பிலையைப் பார்த்தால் நம் ஆட்கள் கேட்டைத் தாண்ட மாட்டார்கள். சொந்தக்காரர்கள்கூட வாசலோடு திரும்பிவிடுவார்கள். இத்தனை வருடம் அதைக் கேலி செய்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

மேலதிகாரியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, விசாரணையை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் போன் செய்தேன். பிறகு பக்கத்து வீட்டு மரத்தில் வேப்பிலை ஒடித்து, நானே கேட்டில் கட்டினேன்.

கட்டி முடிக்கும்போது அந்தக் கைக்குழந்தையின் அம்மா வந்தாள். இங்கேயே இருந்துவிட்ட குழந்தையின் துணியையும் பால் போத்தலையும் எடுத்துப் போக வந்திருந்தாள். வேப்பிலையைப் பார்த்ததும் வெளியிலேயே நின்றுவிட்டாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இன்னும் மூச்சு வாங்குது மேடம்," என்றாள். பிறகு வேப்பிலையைத் தொட்டாள். "இத அப்பவே கட்டியிருந்தா, நான் புள்ளைய உள்ள கொடுத்திருக்க மாட்டேனே."

குழந்தையின் சாமான்களைப் பையில் போட்டு எடுத்து வந்து, கேட்டுக்கு மேலாக நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.