நூற்று இருபத்தாறு நன்றிகள்

ஆர்லிஸ் டோலெஃப்சன் எங்கள் மினசோட்டா வான்கோழி ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். கடைசிப் பதினோரு ஆண்டுகள் தொங்கவிடும் அறையில். லாரியில் உயிரோடு வரும் பறவையைக் காலைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஒன்று நாற்பது பவுண்டு, நிமிடத்துக்கு ஏழு. பறவை மிரளாமல் இருக்க நீல விளக்கு மட்டும் எரியும். அது சிறகடிக்கும், முகத்தில் பீச்சும். அந்த அறையில் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தவர்களே ஒன்பது பேர்தான். ஆலையின் பதிவேடுகள் என் கையில் இருந்ததால் இது எனக்குத் தெரியும்.

2009 செப்டம்பரில் அவருக்குக் காலைதோறும் ஆலை வாசலிலேயே வாந்தி வரத் தொடங்கியது. வயிற்றில் கோளாறு இல்லை என்றார் மருத்துவர். பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றக் கேட்டார் ஆர்லிஸ்.

"மனநல ஆலோசகர் கடிதாசி குடுக்கட்டும், மாத்தறேன்," என்றான் மேற்பார்வையாளன் டுவேன். "எல்லாருக்கும் நாத்தம் அடிக்கத்தான் செய்யுது ஆர்லிஸ். பண்டிகை வர்ற நேரத்துல உன்னை மாத்திட்டு நானா போய் மாட்டறது?"

ஆலோசகர் கென்ட்ரா என்ற இருபத்தாறு வயதுப் பெண். வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றி நாளும் கிறிஸ்துமஸும் வரும் பருவத்தில் தொழிலாளர்களுக்கு மனச்சோர்வு வராமலிருக்க நிர்வாகம் அவளைச் செவ்வாய்தோறும் வரவழைத்தது. உட்கார இடமில்லை என்று என் பதிவறையையே பலகையால் தடுத்துப் பாதியைக் கொடுத்தார்கள். கூரைவரை எட்டாத பலகை. உள்ளே அழுதவர்களின் மூக்குறிஞ்சல்கூட என் மேசைக்குக் கேட்டது. இதைப் பற்றி நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

அக்டோபர் 13 அன்று அவள் ஆர்லிஸிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தாள். தினமும் நன்றிக்குரிய மூன்று விஷயங்களை, ஒவ்வொன்றையும் 'நன்றி' என்று முடித்து எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் கடிதம்.

"எதுவும் தோணலைன்னா?"

"சின்ன விஷயம் போதும். மனசுல பட்டதை அப்படியே எழுதுங்க."

ஆர்லிஸ் ஒரு நாளும் விடவில்லை. கடிதம் வேண்டுமே. நாற்பத்திரண்டு நாள், நூற்று இருபத்தாறு வரிகள். "இன்னிக்குக் கோழிக்கு நன்றி சொல்லிட்டியா?" என்று சாப்பாட்டு அறையில் கிண்டல் செய்தார்கள். "அது என் மேல பேண்டப்பவே சொல்லிட்டேன்," என்பார் அவர்.

நவம்பர் 24 அன்று, கென்ட்ரா எழுதிய கடிதத்தின் நகலையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் போனார்.

"'நன்றியுணர்வு சிறப்பாக வளர்ந்துள்ளது. தற்போதைய பணியிலேயே தொடர முழுத் தகுதி உடையவர்.' இது என்னையா சொல்றே, பொண்ணே?"

"உங்க குறிப்பேடு அவ்வளவு நல்லா இருந்துச்சு! வாந்திகூட நின்னு போச்சே."

"நவம்பர் அஞ்சை எடுத்துப் படி. சத்தமா."

தாள் புரளும் ஓசை. "'காலையில் சாப்பிடாமல் இருக்கப் பழகிவிட்டேன். நன்றி.'"

"வெறும் வயிறு எதை வாந்தி எடுக்கும்? அடுத்தது, ஒன்பதாம் தேதி."

"'மூக்கில் வாசனையே தெரியவில்லை. நன்றி.'"

"பதினெட்டு."

கென்ட்ராவின் குரல் இறங்கியது. "'மகள் தொலைபேசியில் அழுதாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. நன்றி.'"

"பக்கத்துல என்ன ஒட்டியிருக்கே?"

குறிப்பேட்டை மூடும் ஓசை.

"நீதான் ஒட்டினே. மஞ்சள் மூஞ்சி, சிரிக்குது. மூணுலயும் இருக்கு."

வேறு கடிதம் எழுதலாம், ஆனால் இந்தப் பருவத்துக்கான மதிப்பீடுகளை அனுப்பியாகிவிட்டது, ஜனவரியில் பார்க்கலாம் என்றாள் கென்ட்ரா. ஆர்லிஸ் எழுந்து வெளியே வந்தார். கொக்கிகள் நகரும் ஓசை கேட்ட திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, ரப்பர் மேலங்கியைக் கழற்றி டுவேனின் நாற்காலியில் போட்டார். மணி 11.20. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பித்தபோது ஆலை அதே கடிதத்தை நீட்டியது. உடம்பும் மனமும் நன்றாக இருந்தவர் தானாகவே வேலையை விட்டார் என்றது. சாட்சி சொல்ல நானும் போனேன். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதில் விழுந்ததெல்லாம் சாட்சியத்தில் சேராது என்று என்னை உட்காரச் சொன்னார்கள். அந்தப் பலகையை வைத்தவர்கள் எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் பிஸ்கட் வேறு.

விசாரணை அதிகாரி குறிப்பேட்டைப் புரட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ஒவ்வொரு வரியும் நன்றின்னு முடியுது. மனசு சரியில்லாத ஆளு இப்படியா எழுதுவாங்க?"

"அப்படி எழுதினாத்தான் கடிதாசின்னாங்க."

"யாராவது கையைப் பிடிச்சு எழுத வச்சாங்களா?"

"இல்லை."

விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள். குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ஆர்லிஸ் வாங்கிக்கொள்ளவில்லை.