உறுதிமொழி நாளில் உபவாசம்

ஆஸ்திரேலியக் குடியுரிமை உறுதிமொழி எடுக்க எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் ஒரே நாளைக் குறித்துக் கடிதம் வந்தது: ஜனவரி இருபத்தாறு. பொயிண்ட் குக் புறநகரில் வீடு கிடைத்தபோதுகூட நான் அவ்வளவு குதிக்கவில்லை. பட்டுப்புடவையை எடுத்து வைத்தேன். பத்தொன்பது வயது மகள் மட்டும், தான் வரப்போவதில்லை என்றாள்.

பல்கலைக்கழகம் சேர்ந்த வருடமே அவள் எங்கள் சபையை விட்டு ஒரு ஜெபக்குழுவுக்குப் போய்விட்டாள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் இளசுகள். மேடை, கிடார் எதுவும் கிடையாது. ஒரு வாடகை வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தில் நிற்கும் சபைகள் மனந்திரும்பி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. வெள்ளைக்காரர்கள் வந்து கொடி நாட்டிய ஜனவரி இருபத்தாறில் ஊரே கொண்டாடும். இவர்கள் உபவாசம் இருப்பார்கள்.

“நாம யாரையும் விரட்டலையே. விசா வாங்கிட்டுத்தானே வந்தோம்?” என்றேன்.

“யார்கிட்டம்மா வாங்கினோம்?”

கேட்டுவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

உறுதிமொழி நாளன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. மண்டப வாசலில் கறுப்பு உடையும் நெற்றியில் சாம்பலுமாக மகளின் குழுவினர் முழங்காலிட்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். மகளைத் தெரியாதவள்போலத் தாண்டப் பார்த்தேன்.

“புடவை நல்லா இருக்கும்மா” என்றாள், தலை நிமிராமல்.

உள்ளே மேயர் பேசிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர்கள் தலைவி, ஒரு செம்பட்டை முடிப் பெண், அப்படியே சரிவதைப் பார்த்தேன். இருபது வருடம் நர்ஸாக இருந்தவளுக்குக் கால் தானாக ஓடியது. அவளை நிழலுக்கு இழுத்துக் காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். நான் சொன்னதை மகள் செய்தாள். கண் விழித்தவள் சூரியன் மறையும்வரை தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்றாள். என் வார்டில் அந்தப் பேச்சே கிடையாது என்று அதட்டிக் குடிக்க வைத்தேன். ஒலிபெருக்கியில் என் பெயரைக் கடித்துக் குதறி இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் தலை என் மடியில் இருந்தது. எப்படி எழுந்து போவது?

என் கணவர் மட்டும் ஆஸ்திரேலியராக வெளியே வந்தார், கையில் விழாவில் கொடுத்த ஒரு செடியோடு.

மூன்று மாதம் கழித்து ஒரு சாதாரண வேலைநாளில் நானும் மகளும் சேர்ந்தே உறுதிமொழி எடுத்தோம். எப்படி மனசு மாறினாய் என்று காரில் கேட்டேன்.

“மாறலம்மா. ஓட்டுப் போடணும்ல.”

செம்பட்டை முடிக்காரி இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிடுகிறாள். அவள் அப்பாவுக்கு ஆட்டுப் பண்ணை இருக்கிறதாம். அதைப் பூர்வகுடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதிலிருந்து அவர் இவளோடு பேசுவதில்லை. இதைச் சொன்ன அன்று அவளுக்குக் கண் கலங்கியது. என் கணவர் சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.