வடக்கு வாசல்

ராயபுரத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்து நிற்கும் எங்கள் மாதா கோயிலுக்கு வரும் துரைமார்கள் முதலில் தூண்களைத்தான் தடவிப் பார்ப்பார்கள். சலவைக்கல் என்று நினைப்பு. கல்லாவது ஒன்றாவது! எண்ணூர்க் கிளிஞ்சலைச் சுட்டு, அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து எங்கள் ஆட்கள் தேய்த்த சுண்ணாம்பு அது. கோயிலைக் கட்டியது யார் என்று கேட்டால், சாமியாருக்கு அடுத்தபடி அங்கே அதிகாரம் செய்த உபதேசியார் மேல்சாதிப் பெரியவர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்.

சிலுவை வடிவக் கட்டடம். நீண்ட நடுக்கூடம் அவர்களுக்கு, வடக்குக் கை எங்களுக்கு. நடுவே ஆளுயர மரக்கிராதி. அதில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் சிறு கதவு. எங்கள் பக்கத்திலிருந்து பீடம் பாதிதான் தெரியும். பூச்சு வேலைக்கு மட்டும் கூடத்துக்குள் போகலாம். வேலை செய்யும்போது ஒட்டாத தீட்டு, முழந்தாளிட்டால் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

அந்த வருஷம் திருவிழாவுக்கு முன் தூண்களைப் புதுப்பிக்க என் நைனாவைக் கூப்பிட்டார்கள். நான் அவருக்குச் சுண்ணாம்புச் சட்டி தூக்கும் சித்தாள். ஒரு நாள் காலையில் சாரக்கயிறு அறுந்து, நைனா நடுக்கூடத்துத் தரையில் மல்லாக்க விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆனால் பேசினார், தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைத்துவிடுவார் என்று நம்பினேன். கையாட்கள் இருவர் அவரைச் சாரப்பலகையில் கிடத்தித் தூக்கினார்கள். பக்கத்திலேயே பெரிய வாசல் திறந்து கிடந்தது. வெளியே ஜட்கா நின்றது.

உபதேசியார் குறுக்கே வந்தார். அந்த வாசல் வழியாக எங்கள் ஆட்களைத் தூக்கிப்போன வழக்கமில்லையாம்.

"உயிரோட கீறாரு ஐயா," என்றேன்.

அவர் கிராதிக்கு அப்பால் இருந்த எங்கள் வடக்கு வாசலைக் கைகாட்டினார். சாமியார் வெளியூர் போயிருந்தார். தோரணம் கட்டிக்கொண்டிருந்த நாலைந்து பேர் இறங்கி வந்து உபதேசியாருக்குப் பின்னால் நின்றார்கள். கையாட்கள் பயந்து திரும்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாளும் அங்கேதான் கூலி.

கிராதிக் கதவில் பலகை நுழையவில்லை. சாய்த்தார்கள், நைனா அலறினார். பலகையை விட்டுவிட்டு அவரைத் தோளைப் பிடித்து இழுத்தார்கள், முதுகு முறிந்த மனுஷனை, மூட்டை மாதிரி. பாதியில் அலறல் நின்றது. தலை என் மடியில் இருந்தது, கால்கள் இன்னும் கூடத்தில் கிடந்தன. நைனா செத்துப்போனார் என்று கத்தினேன்.

உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார்.

"மொதல்ல காலையும் அந்தாண்ட இஸ்துக்கோ," என்றார். "அப்பால அயுவலாம்."